4ஆம் வார்டு, 12ஆம் கட்டில்: அப்பாவுக்கு ஹெப்பரின் ஓடிய நாட்கள்

5க்கு 4 நட்சத்திரம். ஒரு நட்சத்திரத்தை ஏன் குறைத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதையும் தவறாமல் படியுங்கள், ஏனென்றால் அது நடுராத்திரி 2:40க்கு நடந்த விஷயம், பக்கத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லாத நோயாளிக்கு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுதுவது மலேசியாவின் பேராக்கில் எங்கள் பட்டணத்து அரசாங்க மருத்துவமனையின் ஆண்கள் வார்டைப் பற்றி. காலில் ரத்தம் உறைந்துபோன அப்பாவுக்கு, அந்தக் கட்டி வளராமல் தடுக்கிற ஹெப்பரின் என்ற மருந்தை அங்கேதான் பம்ப் வைத்து நரம்பில் ஏற்றினார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், நடுவில் ஒரே ஒரு பெரிய சாலை, அந்தச் சாலையின் கடைசியில் ஆஸ்பத்திரி. தோட்டத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் "அங்க ஏன் போறீங்க, நேரா ஈப்போவுக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். இப்போது சொல்ல மாட்டேன்.

அப்பாவுக்கு 71 வயது. முதலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு, மரங்களை எல்லாம் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு குலை அறுப்பு, இப்படி நாற்பது வருடம் ஒரே தோட்டத்தில் வேலை பார்த்தவர். இருபது வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். பாதத்தில் ஒரு புண் வந்து மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்தார். அப்புறம் இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்க ஆரம்பித்தது, தொட்டால் சூடு, கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. வீட்டில் எல்லோரும் சுளுக்கு என்றே நினைத்தோம். மாமா ஒருவர் தைலம் போட்டு நன்றாக உருவிவிட்டார். மறுநாள் வீக்கம் தொடைக்கு ஏறியது. பட்டணத்தில் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனோம், அங்கே வலிக்கு இடுப்பில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எந்த கிளினிக் என்று எழுத மாட்டேன். ஆனால் ஒரே பக்கத்துக் கால் மட்டும் வீங்கி, சூடாக இருந்து, அந்த மனிதர் பல நாளாகப் படுத்தே கிடந்தவர் என்றால் அதை ரத்தக்கட்டியாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்தக் காலை உருவவே கூடாது. கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போய்விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். இதைப் படிக்கிற ஒரு குடும்பமாவது அடுத்த தடவை தைலப் புட்டியைக் கீழே வைத்தால் எனக்குப் போதும்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் காலுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். தொடை நரம்பிலிருந்து மேலே இடுப்பு வரைக்கும் ரத்தம் உறைந்திருந்தது. டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். வழக்கமாக வயிற்றுத் தோலில் போடுகிற ஊசி ஒன்று உண்டு, எனோக்சாபரின், ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ போட்டால் போதும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், அப்பாவின் சிறுநீரகம் இனிப்பு நீரால் பாதிக்கு மேல் போய்விட்டது, மருந்து உடம்பிலேயே தங்கிச் சேர்ந்துவிடும். அதனால் நரம்பில் சொட்டுச் சொட்டாக ஓடுகிற பழைய ஹெப்பரின். நிறுத்தினால் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே அதன் வேகம் பாதிக்குக் கீழே இறங்கிவிடும், ஏதாவது ஆகிவிட்டால் அதை முறிக்கிற மருந்தும் இருக்கிறது என்றார். இன்னொன்றும் சொன்னார்: இந்த மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது, ஆட்சேபணை உண்டா என்று. எதிர்க் கட்டில் மலாய்க்காரப் பெரியவரிடம் கேட்கிற அதே மரியாதையோடு எங்களிடமும் கேட்டார்கள். அம்மா சுத்த சைவம், முகம் சுருங்கியது. அப்பா மட்டும், "மருந்துதானே, போடுங்க டாக்டர்" என்றார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்த வார்டுக்கு நான் நட்சத்திரம் கொடுத்ததற்குக் காரணம்.

அப்பாவின் பழைய கிளினிக் அட்டையில் எடை 72 கிலோ என்று இருந்தது. அவசரப் பிரிவுத் தாளிலும் அதையே பார்த்து எழுதிவிட்டார்கள். வார்டுக்கு வந்ததும் ஸ்டாப் நர்ஸ், நம் தமிழ்ப் பொண்ணு, முப்பது வயதுகூட இருக்காது, தாளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், திரும்பவும் தாளைப் பார்த்தாள். "ஐயா, கடைசியா எப்ப நிறை பார்த்தீங்க?" என்றாள். அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. உடனே எடை பார்க்கிற நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார வைத்தாள். 58 கிலோ. பதினான்கு கிலோ வித்தியாசம்.

நான் செம்பனை ஆலை ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை, எனக்கு எண்கள்தான் சோறு போடுகின்றன, அதனால் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலில் ஒரேயடியாகக் கொடுப்பது கிலோவுக்கு 80 யூனிட். அப்புறம் மணிக்குக் கிலோவுக்கு 18 யூனிட். 72 கிலோ என்று போட்டிருந்தால் முதல் டோஸ் 5,760 யூனிட், மணிக்கு 1,296. உண்மையான 58 கிலோவுக்கு 4,640, மணிக்கு 1,044. ஒரு நாள் முழுக்க ஓடினால் ஆறாயிரம் யூனிட் கூடுதலாகப் போயிருக்கும், அதுவும் சிறுநீரகம் கெட்ட 71 வயது மனிதருக்கு. அந்தப் பொண்ணு தாளை மட்டும் நம்பியிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் கட்டிலில் கிடந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தாள். அதனால் டாக்டரைக் கூப்பிட்டுத் திருத்தி எழுத வைத்தாள். உங்கள் வீட்டில் யாரையாவது சேர்க்கும்போது எடை எப்போது எடுத்தது என்று நீங்களே கேளுங்கள். வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லாதீர்கள்.

மருந்து கலக்குவதையும் பார்த்தேன். வார்டில் ஹெப்பரின் புட்டி மற்ற மருந்துகளோடு கிடக்காது, தனிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள், மேலே சிவப்பு ஸ்டிக்கர். 25,000 யூனிட்டை 500 மில்லி உப்புத் தண்ணீர்ப் பையில் கலந்தார்கள், அப்படியென்றால் ஒரு மில்லிக்கு 50 யூனிட். அந்தத் தமிழ்ப் பொண்ணு ஒரு தாளில் கணக்குப் போட்டாள். இன்னொரு மலாய் ஸ்டாப் நர்ஸ் வந்தார், அவரிடம் இவள் விடையைச் சொல்லவில்லை, அவர் தனியாக வேறொரு தாளில் போட்டார். அப்புறம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் மணிக்கு 21 மில்லி. பம்பில் ஒருவர் எண்ணை அழுத்த, மற்றவர் படித்துப் பார்த்தார். பையிலிருந்து குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்து அப்பாவின் வலது கையில் குத்தியிருந்த பிரானுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகுகிற சின்னக் குழாய்) வரைக்கும் போனார்கள். அந்தக் குழாயில் வேறு எந்த மருந்தும் போகக் கூடாது என்று அதிலேயே பட்டை ஒட்டினார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இதெல்லாம் முடிய எட்டு, ஒன்பது நிமிடம் ஆகியிருக்கும். பக்கத்துக் கட்டில்காரர் மகன், "ஒரு டிரிப் ஏத்த இவ்வளவு நேரமா" என்று முணுமுணுத்தார்.

அவ்வளவு நேரம் வேண்டும்தான். ஒருவர் கணக்கைச் சொல்லி மற்றவர் தலையாட்டினால் அதைச் சரிபார்த்ததாகவே எடுத்துக்கொள்ள முடியாது. 2006இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்கு மில்லிக்கு 10 யூனிட் உள்ள புட்டி போக வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் புட்டி போய்விட்டது, மூன்று குழந்தைகள் செத்துப்போயின. அடுத்த வருடமே லாஸ் ஏஞ்சலஸில் டென்னிஸ் குவேட் என்ற நடிகரின் இரட்டைக் குழந்தைகளுக்கும் இதே ஆயிரம் மடங்குத் தவறு நடந்தது, அவை பிழைத்துக்கொண்டன. புட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். பெரிய நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே அப்படி என்றால், மூன்றாம் வகுப்பில் நாளைக்கு 3 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிற எங்கள் சின்னப் பட்டணத்து வார்டில் இரண்டு பெண்கள் இரண்டு தாளில் தனித்தனியாகக் கணக்குப் போட்டதை நான் எப்படிப் பாராட்டாமல் இருப்பேன்?

இந்த மருந்தைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் நம் ஆட்களிடம் உண்டு, "ரத்தத்தைத் தண்ணியாக்குற ஊசி" என்று. ரத்தம் தண்ணியாக ஆவதில்லை. ஏற்கெனவே இருக்கிற கட்டியை ஹெப்பரின் கரைப்பதும் இல்லை. அது வளராமல், புதிதாக ஒன்று உருவாகாமல் பிடித்து வைக்கும், அதற்குள் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியைச் சரிசெய்துகொள்ளும். அதனால்தான் முதல் நாளே கால் வற்றவில்லையே என்று யாரும் பதற வேண்டாம். 1916இல் பால்ட்டிமோரில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் நாயின் கல்லீரலில் தற்செயலாகக் கண்ட சரக்கிலிருந்து ஆரம்பித்தது இது, கிரேக்க மொழியில் கல்லீரலுக்குள்ள சொல்லிலிருந்துதான் ஹெப்பரின் என்ற பெயரே வந்தது. நூறு வருடம் தாண்டியும் இன்னும் நரம்பில் ஓடுகிறது.

சரி, மருந்து ஓடும்போது ஆறு மணி நேரம் கழித்து ரத்தம் சோதிக்கிற கணக்குக்கு வருகிறேன்.

ஒரே அளவு ஹெப்பரின் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி வேலை செய்யாது. ஒருவருக்குப் போதாது, இன்னொருவருக்கு ரத்தம் வடிய ஆரம்பித்துவிடும். அதனால் ஆரம்பித்து ஆறு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து ஏ.பி.டி.டி. என்ற சோதனை செய்வார்கள், ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று. இந்த லேபில் சாதாரண ஆளுக்குச் சுமார் 30 விநாடி. ஹெப்பரின் ஓடும்போது அது ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்குக்குள் இருக்க வேண்டும், அதாவது 45இலிருந்து 75 வரைக்கும். குறைந்தால் கட்டி வளரும், கூடினால் ரத்தம் கசியும். அளவை மாற்றினால் மாற்றிய நேரத்திலிருந்து மறுபடியும் ஆறு மணி எண்ண வேண்டும்.

முதல் ரத்தம் திங்கள் ராத்திரி 11 மணிக்கு. பயிற்சியில் இருந்த ஒரு பெண் நீல மூடிக் குழாயோடு வந்தாள், அப்பாவின் வலது கையைத் தூக்கினாள். மருந்து ஓடுவதும் அதே கைதான். பின்னாலிருந்து பெரிய மிஸ்ஸி (நர்ஸை இங்கே மிஸ்ஸி என்போம்), மலாய்க்காரர், வார்டுக்கே தலைவி, சத்தம் போடாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "இந்தக் கையில எடுத்தா பெரியவரோட ரத்தத்தை நீ பார்க்க மாட்ட, பம்ப் மருந்தைத்தான் பார்ப்ப" என்ற அர்த்தத்தில் மலாயில் சொன்னார். இடது கையில் எடுத்தார்கள். அந்தக் குழாயில் ஒரு கோடு இருக்கிறது, அதுவரைக்கும் ரத்தம் நிறைய வேண்டும், பாதியில் நின்றால் உள்ளே இருக்கிற திரவத்தோடு அளவு பொருந்தாமல் எண் தப்பாக வரும். முதல் குழாய் நிறையவில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எடுத்தார்கள். அப்பா ஒரு முறை முகம் சுளித்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஊசி எடுத்த பிறகு ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லி என் விரலை அங்கே வைத்துவிட்டுப் போனார்கள்.

12 மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் முடிவு வந்தது. 104. மூன்று மடங்குக்கும் மேல். அந்த நேரத்தில் மனது என்ன பாடுபட்டது என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் மிஸ்ஸிகளுக்குப் பதற்றமே இல்லை, ஏனென்றால் என்ன எண் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுவரிலேயே அட்டவணை இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டு, பம்பை ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள், அப்புறம் கிலோவுக்கு 3 யூனிட் குறைத்து மணிக்கு 17.4 மில்லியாக 1:15க்கு மறுபடி தொடங்கினார்கள். அதற்கும் இரண்டு பேர், இரண்டு தாள், இரண்டு கையெழுத்து. காலை 7:15க்கு எடுத்ததில் 72. மத்தியானம் 66. தொடர்ந்து இரண்டு முறை சரியாக வந்தபின் தினம் ஒரு தடவை போதும் என்றார்கள். அப்பாவுக்கு அன்றைக்குத்தான் நல்ல தூக்கம்.

இப்போது அந்த கிளினிக் ஊசி விஷயம். செவ்வாய்க்கிழமை காலை உடம்பு துடைக்கும்போது அப்பாவின் இடுப்புக்குக் கீழே, சனிக்கிழமை வலி ஊசி போட்ட இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாக ரத்தம் கட்டியிருந்தது. தசையில் ஊசி குத்திய இடம் ஆறுவதற்கு முன்னால் ஹெப்பரின் ஓட ஆரம்பித்துவிட்டதல்லவா, உள்ளே கசிந்திருக்கிறது. தமிழ்ப் பொண்ணு ஒரு நீலப் பேனாவை எடுத்து அந்தக் கறுப்பின் விளிம்பு ஓரமாகவே தோலில் கோடு போட்டாள். அதன் பக்கத்தில் நேரத்தையும் எழுதினாள்: 8:05. "அக்கா, இந்தக் கோட்டைத் தாண்டுச்சுன்னா உடனே கூப்பிடுங்க" என்றாள். ஒவ்வொரு ஷிப்டிலும் வந்து பார்த்தார்கள். மத்தியானம் ஒரு விரல் அகலம் தாண்டியது, இரண்டாவது கோடு, 2:20. ஹீமோகுளோபின் பார்த்தார்கள், 11.2இலிருந்து 10.6க்கு இறங்கியிருந்தது. டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தார், ஏ.பி.டி.டி. சரியான இடத்தில் இருப்பதால் தொடரலாம், ஆனால் கவனம் என்றார். ராத்திரி கோடு அப்படியே நின்றது. மூன்றாவது கோடு தேவைப்படவில்லை. அப்பா வீட்டுக்கு வந்த பிறகு குளிக்க வைக்கும்போதும் அந்த நீல மை லேசாகத் தெரிந்தது, அதை நான் சோப்பு போட்டுத் தேய்க்காமல் அப்படியே விட்டேன்.

அதனால் சொல்கிறேன், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஓடும்போது தசையில் ஊசி போடவே கூடாது. அதற்கு முன்னால் இரண்டு, மூன்று நாளில் எங்கேயாவது போட்டிருந்தால், சேரும்போதே வாயைத் திறந்து சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும். வலிக்குக் கொடுத்த மாத்திரையை நான் கைப்பையில் இருந்து எடுத்துக் காட்டியபோது மட்டும் மிஸ்ஸி உடனே பிடுங்கி வைத்துக்கொண்டார், அந்த வகை வலி மாத்திரையும் வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்துக்கும் ஆகாது.

மற்ற கவனிப்பும் நன்றாகவே இருந்தது. மெதுவான பிரஷ் கொண்டுவரச் சொன்னார்கள், பிளேடு போட்டுச் சவரம் வேண்டாம் என்றார்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் ஈறு, மூக்கு, சிறுநீர் நிறம், மலம் கறுப்பாக இருக்கிறதா, தலை வலிக்கிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று கேட்டார்கள். பிரஷர் இறங்கி நாடி ஏறினால் எங்கோ உள்ளே ரத்தம் போகிறது என்று சந்தேகப்பட வேண்டுமாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுகிற சின்ன அணுக்கள்) எண்ணிக்கையும் பார்த்தார்கள். எனக்கு அது புரியாமல் கேட்டேன். சிலருக்கு ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் உடம்பு ஹெப்பரினையே எதிர்த்துக் கிளம்பும், பிளேட்லெட் பாதியாக இறங்கும், அதோடு விடாமல் புதுக் கட்டிகளும் வரும், அப்போது ஹெப்பரினை முழுக்க நிறுத்தி வேறு மருந்துக்கு மாற வேண்டும். அப்பாவுக்கு முதல் நாள் 240, ஐந்தாம் நாள் 215. ஒன்றுமில்லை. ஹெப்பரினை முறிக்கிற மருந்தான புரோட்டமின் வார்டில் இருக்கிறதா என்று கேட்டதற்குப் பெரிய மிஸ்ஸி கோபித்துக்கொள்ளவில்லை, என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். 100 யூனிட் ஹெப்பரினுக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கு, அதுவும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

இனி அந்த ஒரு நட்சத்திரம்.

புதன்கிழமை ராத்திரி. 28 நோயாளிகளுக்கு இரண்டே மிஸ்ஸிகள், அதில் ஒருவர் வேறு வார்டிலிருந்து மாற்றாக வந்தவர். 2:40க்குப் பம்ப் கத்தியது. அவர் வந்தார், பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினார், போய்விட்டார். குழாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் மறுபடி கத்தியது. நான் எழுந்து போய்க் கவுண்டரில் சொன்னேன். "வர்றேன்" என்றார். வரவில்லை, ஏனென்றால் 20ஆம் கட்டிலில் ஒருவருக்கு மூச்சுத் திணறல், இரண்டு பேரும் அங்கே. அதை நான் கண்ணால் பார்த்தேன், அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அப்பாவின் பம்ப் நின்றிருந்தது. அவர் தூக்கத்தில் முழங்கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்திருந்தார், பிரானுலா இருந்த கை அது, குழாய் அங்கே அடைபட்டுவிட்டது. இரண்டாவது தடவை போய்க் கூப்பிட்டேன். மொத்தம் 35 நிமிடம் மருந்து ஓடவில்லை. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பாதி வேகம் இறங்குகிற மருந்துக்கு 35 நிமிடம் என்பது சின்ன விஷயமே இல்லை.

கடைசியில் வார்டின் சொந்த ஸ்டாப் நர்ஸ் வந்து கையை நீட்டி, ஊசி இடம் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து, டாக்டருக்குப் போன் செய்து, பழைய அளவிலேயே தொடங்கினார். நான் விவரம் தெரியாமல், விட்டுப்போனதைச் சேர்த்துக் கொஞ்சம் வேகமாக ஓட்டலாமே என்று கேட்டேன். "அதை மட்டும் எப்பவும் செய்யக் கூடாது அக்கா" என்றார். விட்டதை ஈடு கட்ட வேகத்தைக் கூட்டினால் அடுத்த ரத்தச் சோதனையில் எந்த எண் எதனால் வந்தது என்றே தெரியாது, அளவும் எகிறிவிடும். எத்தனை நிமிடம் நின்றது என்று தாளில் எழுதி வைத்தார், ஆறு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள், 58. தப்பித்தோம்.

இதற்கு நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும். ஹெப்பரின் ஓடுகிற நோயாளி இருக்கிற ராத்திரியில் இந்தப் பம்பைத் தெரிந்த ஆள் ஒருவராவது கூடுதலாக இருக்க வேண்டும். பிரானுலாவை முழங்கை மடிப்பில் குத்தாமல் முன்கையில் குத்தியிருந்தாலே பாதிப் பிரச்சினை வந்திருக்காது. வேறு வார்டிலிருந்து வருகிறவருக்கு முதல் ஐந்து நிமிடத்தில் எந்தக் கட்டிலில் எந்த மருந்து ஓடுகிறது என்று காட்ட வேண்டும். பகலில் அதை அழகாகச் செய்கிறார்கள்: ஷிப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து கட்டிலுக்கே வந்து, பையில் மிச்சம் எவ்வளவு, பம்பில் எண் என்ன, கடைசி ஏ.பி.டி.டி. என்ன, அடுத்தது எத்தனை மணிக்கு என்று சத்தமாகப் படித்து ஒப்படைக்கிறார்கள். அந்தப் புதன் ராத்திரி அது நடக்கவில்லை. புகார்ப் பெட்டியில் எழுதிப் போட்டேன், பெரிய மிஸ்ஸியிடமும் நேரில் சொன்னேன். அவர் சாக்குச் சொல்லவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார்.

கூட இருக்கிறவர்களுக்கு: பம்ப் கத்தினால் நீங்கள் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். சத்தத்தை நிறுத்தவும் வேண்டாம், அந்தச் சத்தம்தான் உங்கள் ஆளுக்குக் காவல். கை மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், மணி பார்த்துக்கொள்ளுங்கள், போய்க் கூப்பிடுங்கள், வராவிட்டால் மறுபடி போய்க் கூப்பிடுங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. கழிப்பறை காலையில் சுத்தம், சாயங்காலம் சுமார். காற்றாடி 12ஆம் கட்டிலுக்கு எட்டாது. சோறு உப்பில்லாமல் இருக்கும், ஆனால் இனிப்பு நீர்க்காரர்களுக்குத் தனியாகக் கொடுக்கிறார்கள். கூட இருப்பவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிதான், போர்வை கொண்டுபோங்கள். பசியாற எதிரில் ஒரு கடை இருக்கிறது, ஆறு மணிக்கே இட்லி வந்துவிடும்.

ஒரு குறை மட்டும் மனதில் நிற்கிறது. கட்டிலுக்கு மேலே ரத்தக்கசிவு அறிகுறிகள் பற்றி ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள், மலாயிலும் ஆங்கிலத்திலும். அந்த வார்டில் படுத்திருந்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்துத் தமிழ்ப் பெரியவர்கள், தமிழ்ப்பள்ளியில் மூன்றாவது, நான்காவதோடு நின்று பால் வாளி தூக்கியவர்கள். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். மலம் கறுப்பாகப் போவதை அவர் முதலில் சொல்லவே வெட்கப்பட்டார், இரும்புச்சத்து மாத்திரையால்தான் அப்படி என்று தெரிந்து நிம்மதியானோம், ஆனால் தெரிவதற்கு ஒரு முழு நாள் ஆனது. அந்தத் தாளை நான் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, ஆலை ஆபீசில் நகல் எடுத்து, பத்துத் தாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் அதைத் தமிழ்ப் பொண்ணிடம் படிக்கச் சொல்லி மலாயில் கேட்டுச் சரிபார்த்தார், ஒரு வரியைத் திருத்தச் சொன்னார், திருத்திக் கொடுத்தேன். போன வாரம் போனபோது மூன்று கட்டிலில் ஒட்டியிருந்தார்கள்.

ஹெப்பரினை உடனே நிறுத்திவிட மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் நாளிலிருந்தே ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்பரின் மாத்திரையும் கொடுத்தார்கள், அது வேலை செய்ய ஆரம்பிக்க நாள் பிடிக்கும், அதனால் குறைந்தது ஐந்து நாள் இரண்டும் சேர்ந்தே போகும். வார்பரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். என்ற ரத்தச் சோதனை எண் 2க்கு மேல் ஏறி ஒரு முழு நாள் அங்கேயே நின்ற பிறகுதான் பம்பைக் கழற்றினார்கள். 2இலிருந்து 3க்குள் வைத்திருக்க வேண்டும். கீரையை அடியோடு நிறுத்த வேண்டாம், ஆனால் ஒரு வாரம் முருங்கைக்கீரையாகச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருக்கக் கூடாது, எப்போதும் ஒரே அளவாக இருக்கட்டும் என்று பார்மசிஸ்ட் உட்கார வைத்துச் சொன்னார். நாட்டு மருந்து எதையும் கேட்காமல் குடிக்காதீர்கள் என்றும் சொன்னார், இதை மாமாவுக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

இப்போது அப்பாவின் கால் பாதி வற்றிவிட்டது, வாசல் வரைக்கும் நடக்கிறார். அடுத்த ஐ.என்.ஆர். செவ்வாய்க்கிழமை. அந்தச் சோதனைக்குப் போகிறவர்கள் 7:30க்குள் போய் எண் எடுத்துவிட்டால் பத்து மணிக்கெல்லாம் வெளியே வந்துவிடலாம், வார்பரின் புத்தகத்தை மறந்துவிடாதீர்கள், அது இல்லாமல் மருந்து தர மாட்டார்கள்.